கிழவன் கொள்ளாம்!

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொரியப் படம் ஒன்று பார்த்தேன். முழுசாக. தனியாக. ஒரு வார்த்தை புரியாமல்.

சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மகன் வாங்கி மாட்டியிருக்கும் டிவி, சுவரில் பாதி இருக்கும். செய்தி பார்க்கலாம் என்று ரிமோட்டில் எதையோ அமுக்கினேன்... வந்து நின்றது கொரியா! திரும்பி வர வழி தெரியவில்லை. சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இருந்து பார்த்துவிட்டே போவோம் என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

கீழே இங்கிலீஷ் எழுத்து எறும்புச் சாரை மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் இங்கிலீஷ் வாத்தியார் வந்த நாளில் நான் போகவில்லை. நான் போன நாளில் அவர் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் — மலையாளத்துக்காரர்கள் ஊரான இந்தத் தம்பானூரில் இத்தனை காலம் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு, ஒருத்தன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள பாஷை எதற்கு? ஆள் படியேறி வருகிற சத்தம் போதும். ரூமுக்கு வந்திருக்கிறானா, ஓடி வந்திருக்கிறானா என்று குனிந்த தலை நிமிராமல் சொல்லிவிடுவேன்.

படத்தில் வந்தவன் ஒரு வயசாளி. ஒல்லி உடம்பு, சாது முகம். ஆனால் அவன் கையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துபோயிற்று. இவன் கொலைகாரன்! ஏதோ கோபத்தில் ஒன்று செய்தவன் இல்லை. தொழிலாகவே செய்து, இப்போது ஓய்வில் இருப்பவன்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் செருப்பைக் கழற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு போகிறவனிடம் வழி கேட்டான். பெற்ற மகளைப் பார்த்து, பக்கத்து ஊர்க்காரியைப் பார்க்கிற மாதிரி முழித்தான்.

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறதி!

யோசித்துப் பாருங்கள். கொலைகாரனுக்கு மறதி வந்தால் யாருக்கு லாபம்? யாரைக் கொன்றோம் என்பதே நினைவில்லை என்றால் அவனுக்கு நிம்மதிதானே? ஆனால் செத்தவன் வீட்டில்? அங்கே ஒருத்தருக்கும் மறக்கவில்லை. செய்தவன் மறந்துவிடுகிறான்... வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் நினைவு வைத்திருக்கிறான். இது படத்தில் யாரும் சொன்ன வசனமா, நானாகச் சொல்லிக்கொண்டதா, தெரியாது. படம் முடியும்போது சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு ஏன் வியர்க்க வேண்டும்? நான் யாரையும் கொல்லவில்லையே?

கொல்லவில்லை. ஆனால் ஒரு ஆளை மறந்து விட்டுவிட்டு வந்திருந்தேன். கல்லாற்றில். என் மனைவியை.

சொல்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு காரில் பொன்முடிக்குப் போனேன். நான்தான் ஓட்டினேன். இந்த வயதில் அந்த மலையில் என்னைப் போல் வளைவு ஒடிக்கிற ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. பாக்கியத்துக்கு வளைவைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். மலை தொடங்குவதற்கு முன்னால் கல்லாற்றங்கரையில் சசி என்பவன் டீக்கடை வைத்திருக்கிறான். அங்கே நிறுத்தி டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டோம். கை கழுவ ஆற்றுக்கு இறங்கினாள். நான் வண்டியில் ஏறினேன். கதவைச் சாத்தினேன். கிளப்பினேன்...

மலை ஏறும் வரைக்கும் அவளுடன் பேசிக்கொண்டே போனேன். வெறுங்கையோடு தம்பானூரில் வந்து இறங்கியது, ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தது, அப்புறம் அதே தெருவில் லாட்ஜ் வாங்கியது எல்லாம். அவள் பதில் பேசவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தக் கதைக்கு அவள் கல்யாணமான நாளிலிருந்து பதில் பேசியதில்லை.

உச்சியில் நிறுத்தி, "இறங்கு பாக்கியம், காத்து என்னமா அடிக்குது பாரு" என்று பின்கதவைத் திறந்தேன்.

சீட்டில் அவள் கைப்பை மட்டும் இருந்தது.

அவள் போனும் அந்தப் பைக்குள். எப்படி இறங்கி வந்தேன் என்று கேட்காதீர்கள். சசி கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். சசியின் போனை வாங்கி மகனிடம் விஷயத்தையும் சொல்லி முடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "வந்துட்டியளா?" என்று ஒரே வார்த்தை. ஏறி உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்துக்குக் கொரிய பாஷையே தேவலாம்.

மகன் முருகேசன் சும்மா இருப்பானா? அவன் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊரில். தமிழையே மலையாள ராகத்தில்தான் பேசுவான். 'வேண்டாம்' அவன் வாயில் 'ண்டா' ஆகிவிடும்.

"அப்பா, இது சும்மா மறதி அல்ல. ஒரு டாக்டரைக் காணிக்கணும். அதுவரை வண்டி ஓட்டண்டா. கவுண்டர்லயும் இரிக்கண்டா. வீட்ல ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கடைசி ஊர்வலத்துக்கு வண்டி சொல்லிவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

கவுண்டர் நாற்காலி என்றால் உங்களுக்கு மரம். எனக்கு அது முதுகெலும்பு. எச்சில் இலை எடுத்த நாளில், எதிர்ப்பக்கம் இந்த லாட்ஜ் கவுண்டரில் ஒரு ஆள் காற்றாட உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அங்கே உட்காருவேன் என்று மனசுக்குள் சொன்னேன். உட்கார்ந்தும் விட்டேன். ஒரு முறை பார்த்த முகம் எனக்கு மறக்காது. எத்தனை வருஷம் கழித்து ஒருத்தன் வந்து நின்றாலும், "வாங்க, போன தடவை ஜன்னல் ரூம் கேட்டீங்களே, காலியா இருக்கு" என்பேன். அவன் அசந்து நிற்பான். லாட்ஜுக்கு நான் செய்த ஒரே விளம்பரம் அதுதான். அந்த என்னைப் பார்த்து மறதி என்கிறான்!

நான் கத்தினேன். அவன் விடவில்லை. கடைசியில் பாக்கியம் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னாள். அவளுடைய தம்பி நம்பி களக்காட்டிலிருந்து வருவான். என் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவான். இன்னொரு தடவை நான் ஏதாவது தவறவிட்டால் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். கார் சாவி அவள் இடுப்புச் சாவிக்கொத்தில் ஏறியது.

ஆக, என் ஞாபகத்துக்குக் காவல்காரன் நம்பி. அவனுடைய ஞாபகம் எப்படி என்று கேட்கிறீர்களா? சொந்த மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசைக்கு அடியில் தேடுகிறவன்! மலையாளம் ஒரு சொட்டுத் தெரியாது. "இது என்ன அத்தான் பெரிய பாஷை, நம்ம தமிழை மூக்கால பேசுதானுவ, அவ்வளவுதானே" என்பான். பாதி புரியும், மீதியை அவனே நிரப்பிக்கொள்வான். ஆபத்து அங்கேதான் இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் நான் அந்தப் படத்தைப் பார்த்தது. பார்த்ததை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா? மறுநாளே கவுண்டரில் அவிழ்த்துவிட்டேன். வருகிற போகிற எல்லோருக்கும் கதை. செருப்பை ஃப்ரிட்ஜில் வைப்பது, வாசலில் வழி கேட்பது, கையைப் பார்த்து ஆளை எடை போடுவது... எழுந்து நின்று நடித்தே காட்டினேன். புரியாத இடங்களில் நானே கதை போட்டேன். கொரியாக்காரன் கேட்டால் அதைத்தான் வைத்துக்கொள்வான்!

டிசம்பர் ஆகிவிட்டால் எங்கள் ஊரில் சினிமா விழா. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குளிக்காமல் கொள்ளாமல் ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்கு ஓடுகிற கூட்டத்தில் பாதி தம்பானூர் லாட்ஜுகளில்தான் கிடக்கும். அப்படி வந்து தங்கியிருந்தவர்களில் ஷெரின் என்று ஒரு பெண், கோழிக்கோட்டுக்காரி. கூடவே அனூப் என்று ஒரு தாடிக்காரப் பையன். இரண்டு பேரும் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதையை முழுசும் கேட்டார்கள்.

"அங்கிள், சப்டைட்டில் வாயிக்காமலா இத்தனையும் மனசிலாச்சு?" என்றாள் ஷெரின்.

"சப்டைட்டில் படிக்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான் மோளே" என்றேன். எப்படி!

அவள் அனூப்பைப் பார்த்தாள். அனூப் அவளைப் பார்த்தான். மத்தியானம், நம்பி சாப்பிடப் போன நேரம், இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அவர்கள் ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுக்கிறார்களாம். பழைய கொலைகாரன் ஒருத்தன், தமிழன், மறதி நோய். அவன் கொன்ற ஆளின் மகன் தேடி வந்து துப்பாக்கியை நீட்டுகிறான். கிழவனுக்கோ இவன் யாரென்றே தெரியவில்லை.

"அங்கிள் அபிநயிக்குமோ?"

"ஹீரோவா?"

"அங்கிள் மாத்ரம்தான்."

வாசகர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? டாக்டர், ரெஸ்ட், ஸ்டூலில் ஒரு மச்சினன் என்று கிடந்தவனுக்குச் சினிமா! ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் முருகேசன் விட மாட்டான். நாளைக்கு விடிகாலையில் பொன்முடியில் ஷூட்டிங் என்று முடிவாயிற்று. வசனத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முழுப் பக்கம்.

இதற்குமேல் நடந்ததை நம்பி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்தவன் மாடிப்படிக்கு அடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தானாம். மேலே அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஆ கிளவன் கொள்ளாம்!" — இது ஷெரின்.

"கொள்ளாம், கொள்ளாம்" — இது தாடி.

"நாளெ பொன்முடியில் கொண்டுபோயி ஷூட் செய்யாம். ஆரும் அறியண்டா."

மலையாளம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. 'கொள்ளாம்' என்றால் அங்கே 'நல்லா இருக்கு' என்று அர்த்தம். சோறு கொள்ளாம், சட்டை கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம்! ஆனால் களக்காட்டிலிருந்து போன வாரம் வந்த ஒரு காதில் அது எப்படி விழும்? கிழவனைக் கொல்லலாம். பொன்முடிக்குக் கொண்டுபோய்ச் சுடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்!

நம்பியின் பல்குச்சி அங்கேயே விழுந்துவிட்டது.

அதற்காக உடனே ஊரைக் கூட்டிவிடவில்லை. அவன் மரியாதை தெரிந்தவன். முதலில் என்னிடம்தான் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அத்தான்... உங்களை நாளைக்குப் பொன்முடிக்குக் கொண்டுபோகப் போறாவளாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரகசியம் எப்படி வெளியே வந்தது? குரலைத் தாழ்த்தி, "உனக்கு எப்படிலே தெரியும்? சரி, தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றேன்.

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? நானாத்தான் மாப்ளே சம்மதிச்சேன்."

"தெரிஞ்சுமா போறிய?"

"பின்ன? எத்தனை நாளைக்கு இப்படியே உக்காந்து கிடக்கது? ஒரே ஷூட்டு. காலையில போனா மத்தியானத்துக்குள்ள சோலி முடிஞ்சிரும்."

"ரொம்ப நோகுமா அத்தான்?"

"முதல் தடவை கொஞ்சம் கூச்சமா இருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியாதாம்."

நம்பி பொத்தென்று விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடிக்கப் போகிறேன் என்றதும் இவ்வளவு மரியாதையா! எனக்கும் கண் கலங்கிவிட்டது. தலையில் கை வைத்து, "படம் வந்ததும் உன்னைத்தான் மாப்ளே முதல் வரிசையில உக்கார வைப்பேன்" என்றேன். படம் என்றதும் அவன் என்ன நினைத்தான் தெரியுமா? மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்களே, அந்தப் படம்! அழுகை இன்னும் கூடிற்று.

மறுநாள் விடிகிற நேரம். கணபதி கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று அரைத்தூக்கத்தில் கிடந்த பாக்கியத்திடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அனூப் ஓட்டினான். வழி முழுக்க வசனத்தை ஒப்பித்துக்கொண்டே போனேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மறதியாம், மறதி! முருகேசன் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

உச்சியில் பஞ்சு மாதிரி மூடுபனி. எனக்கு ஒரு பழைய கோட்டு. நெற்றியில் சிவப்புச் சாயம். எதிரே அனூப், கையில் பொம்மைத் துப்பாக்கி. ஷெரினே கேமராவைப் பிடித்தாள்.

"அங்கிள், ஸ்டார்ட்!"

வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

கூச்சம் என்று நினைக்காதீர்கள். நான் கூச்சப்படுகிற ஜாதி இல்லை. உள்ளே போய்த் தேடுகிறேன், ஒரு ரூமிலும் ஆள் இல்லை. விளக்கு எரிகிறது, கட்டில் இருக்கிறது, ஆள் மட்டும் காலி. வசனம் போயிற்று. சரி. இந்தத் தாடி யார்? இந்தக் கோட்டு யாருடையது? நான் எதற்கு இங்கே வந்தேன்? நாலு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு மூச்சில், நாற்காலியில் சாய்ந்து நான் பார்த்த கொரியாக்காரன் எனக்குள் எழுந்து நின்று என் கண்ணாலேயே பார்த்தான். முருகேசன் சொன்னது நிஜம்தானோ?

"நீ..." என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது. "நீ யாரு மக்கா?"

"கொள்ளாம்!" என்று கத்தினாள் ஷெரின். "அடிபொளி! கொள்ளாம்!"

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு குடை பறந்து வந்தது. குடைக்குப் பின்னால் நம்பி.

"எங்க அத்தானையாலே சுடப்போற? சுடுலே பாப்போம்!"

அனூப்பின் தோளில் ஒரு அடி. துப்பாக்கி கீழே விழுந்து மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். அனூப் ஓடுகிறான். நம்பி துரத்துகிறான். வேட்டி ஒரு கையில், குடை ஒரு கையில். ஷெரின் இருக்கிறாளே, அவள் பிழைத்துக்கொள்வாள். கேமராவை அணைக்கவே இல்லை! சுழற்றிச் சுழற்றி எடுத்துக்கொண்டு, "மாமன் கொள்ளாம்! மாமனும் கொள்ளாம்!" என்று குதிக்கிறாள்.

நம்பி அப்படியே நின்றுவிட்டான். "கேட்டியளா அத்தான்! இப்போ என்னையும் கொல்லணும்ங்கா!"

அதற்குள் நான் இன்னொரு முகத்தைப் பார்த்துவிட்டேன். காரிலிருந்து இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க மேட்டில் ஏறி வருகிற முகம். பாக்கியம். அவளைக் கண்டதும் காலியாகக் கிடந்த எல்லா ரூமிலும் ஆள் வந்துவிட்டது. வசனம் முழுப் பக்கமும் கடகடவென்று வந்தது. இனி என்ன பிரயோஜனம்?

மூச்சு விடாதே என்ற என் சொல்லுக்கு ராத்திரி முழுக்கக் கட்டுப்பட்டுக் கிடந்த நம்பி, விடிந்ததும் என் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து முருகேசனையும் பாக்கியத்தையும் எழுப்பி என் காரிலேயே கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான். "அத்தான் தெரிஞ்சேதான் போனாவ, மனசு வெறுத்துப் போச்சு" என்று வழியெல்லாம் அழுகை. முருகேசன் போலீசுக்கே போன் பண்ணப் போனானாம். நல்ல வேளை, காட்டுக்குள் சிக்னல் போய்விட்டது.

ஷெரின் கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தை விளக்கினாள். கொள்ளாம் என்றால் என்ன என்று முருகேசன் தன் மாமாவுக்குப் பாடம் எடுத்தான். நம்பி கேட்டுவிட்டு, "அப்போ நல்லா இருக்குன்னா கொல்லணும்னு சொல்லுவானுவளா? என்ன ஊருடே இது!" என்று மட்டும் கேட்டான். அனூப் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். தோளைத் தடவிக்கொண்டேதான்.

முருகேசன் சிரிக்கவில்லை.

"மதி அப்பா" என்றான். மதி என்றால் போதும். "சொல்லாம வந்தீங்க. அம்மா வழி முழுக்க நெஞ்சுல கைவெச்சிட்டு வந்தாங்க. நாளை முதல் கவுண்டருக்கு வரண்டா."

அந்த நாலு மூச்சு இன்னும் நெஞ்சுக்குள் இருந்தது. அவனோடு காரில் ஏற மனசு வரவில்லை. ஜீப்பில்தான் இறங்கினேன்.

கல்லாறு வந்ததும் இரண்டு வண்டியும் நின்றது. சசி கடையில் எல்லோருக்கும் டீ. நெற்றிச் சாயத்தோடு ஊருக்குள் போக முடியுமா? நான் ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாற்காலி போயிற்று என்கிற நினைப்பையும் சேர்த்துத்தான் கழுவிப் பார்த்தேன். அது போகவில்லை.

மேலே ஏறி வந்தேன்.

ஜீப் இல்லை. கார் இல்லை. பஜ்ஜி வாசனை மட்டும் இருந்தது.

சசி கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். "அன்னு அம்மா... இன்னு அச்சன்!" என்றான். அன்றைக்கு அம்மா, இன்றைக்கு அப்பா. அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெஞ்சைத் துடைத்துவிட்டான். "இரிக்கணும் சார். அம்மா இருந்த அதே இடம்."

உட்கார்ந்தேன். கேட்காமலே ஒரு தட்டு பஜ்ஜி வந்தது.

"சார், அன்னு அம்மா இங்ஙன இருந்து ஒரு காரியம் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"'சசி, அந்த மனுஷனை இதே பெஞ்சுல ஒத்தையில உக்கார வெச்சு பஜ்ஜி திங்க வைக்கேனா இல்லையா பாரு'ன்னு!"

பஜ்ஜி தொண்டையில் நின்றது.

அந்த நேரம் பார்த்து சசியின் போன் அடித்தது. முருகேசன். அன்றைக்கு அவன் அம்மா பேசிய அதே நம்பர்.

"அப்பா அங்கேயா இருக்கீங்க?" குரலில் ரத்தமே இல்லை. "முன்னாடி போன ஜீப்பை இப்போதான் பிடிச்சோம். நீங்க அதுல இல்ல! நான் ஜீப்ல இருக்கீங்கன்னு நினைச்சு..."

"யாரு மக்கா சொன்னது?"

மெதுவாக, "அம்மா" என்றான்.

ஷெரினிடம் 'அவரு எங்க கார்ல வாராரு, நீங்க புறப்படுங்க' என்று சொல்லியிருக்கிறாள். முருகேசனிடம் 'அப்பா ஜீப்புல போயாச்சு, நீ வண்டியை எடு' என்று சொல்லியிருக்கிறாள். எந்தக் கொரியாக்காரனாவது இப்படி ஒரு திட்டம் போடுவானா? போனில், பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. எத்தனையோ வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது.

"கொள்ளாம் மக்கா" என்றேன். "ரொம்பக் கொள்ளாம்!"

கார் திரும்பி வந்தது. முருகேசன் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாக்கியம்தான் பேசினாள்.

"உங்க அப்பா ஒரு தடவை திரும்பிப் பாக்காம வண்டியை எடுத்தாரு. நோயின்னு சொன்னே. இப்போ நீயும் திரும்பிப் பாக்காமத்தானே எடுத்தே? உனக்கு எந்த டாக்டரு?"

"அம்மா, நீங்க சொன்னதுகொண்டுதானே..."

"சொன்னா? பெத்த அப்பன் ஏறினாரா இல்லையான்னு பாக்கண்டாமா?"

அவன் ஆற்றைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நாளை கவுண்டருக்கு எத்தனை மணிக்கு வருவீங்கப்பா?" என்று கேட்டான்.

அந்த நாலு மூச்சு விஷயத்தை அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நானே பாக்கியத்திடம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "டாக்டரைப் போய்ப் பாத்திருவோம். நானும் வாறேன். தம்பியையும் கூட்டிட்டுப் போவோம், கண்ணாடியைத் தேடுதவன் அவன்தானே" என்றாள். அடுத்த வாரம் மூன்று பேரும் போகிறோம்.

நம்பி ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான். இப்போது இட்லி வைத்தால் 'கொள்ளாம்', மழை பெய்தால் 'கொள்ளாம்'. அன்றைக்கு ஒரு கஸ்டமரின் கைக்குழந்தையைப் பார்த்துச் சொல்லிவைத்தான். அந்த அம்மா சங்கரன்கோவில்காரி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளைச் சமாதானம் பண்ணி ரூமுக்கு அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று கல்லாற்றில் காரில் ஏறும்போது பாக்கியம் இடுப்புக் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "எடுங்க. ஆனா கதவைச் சாத்தினதும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க." பார்த்தேன். ஒரு தடவை என்ன, வளைவுக்கு வளைவு பார்த்தேன். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொரியாக்காரனை இப்போது நினைத்தால் எனக்கு வியர்ப்பதில்லை. கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

அவனுக்கு மறதி இருந்தது... பாக்கியம் இல்லை!